‘அவுரி நன்மைகள்’ என்று தேடினேன்

எங்கள் மருந்தாளுநர் சங்கத்து மலருக்காக என்னிடம் பத்துக் குறிப்புகள் கேட்டார்கள். ‘இணையத்தில் மருந்துத் தகவல் தேடுவது எப்படி?’ என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல், எண் போட்டு, படிப்பவர்களுக்கு உற்சாகம் தரும்படி இருக்க வேண்டுமாம். கேட்டவள் ஜெயா. நான் ஓய்வு பெற்ற பிறகு மருந்தகத்தில் என் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவள். நல்ல பெண், வேலை தெரிந்தவள். போனை வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள்.

“அக்கா, அந்தப் பத்தமடை விஷயத்த மட்டும் எழுதிராதீங்க. நம்ம எல்லாருக்கும்லா கெட்ட பேரு.”

அதைத்தான் எழுதப்போகிறேன். எண் போட்டுக் குறிப்பு எழுத எனக்கு வராது. வந்தாலும் எழுத மாட்டேன். எண் போட்ட குறிப்புகளை நானும் ஒரு காலத்தில் படித்து, வெட்டி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தவள்தான். அந்தக் கண்ணாடி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் ஒரு மனுஷியைச் சாவின் வாசல் வரை அனுப்பினேன்.

படித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஆழ்வார்குறிச்சியில் பள்ளிக்கூடம், பாளையங்கோட்டையில் பட்டயப் படிப்பு, மலையடிவாரத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் முதல் வேலை. அங்கே மாத்திரை எண்ணினேன், ஊசி எண்ணினேன், வேலை இல்லாத நேரத்தில் சுவரில் பல்லி எண்ணினேன். பிறகு ஆற்றங்கரை ஊர் ஒன்றின் அரசு மருத்துவமனைக்கு மாற்றல் வந்தது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. தவறு என்னுடையது, ஊருடையது அல்ல.

அங்கே தலைமை மருந்தாளுநர் பிச்சையா சார். ஒல்லியான மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, அதன் பைக்குள் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி. பாட்டிலை அலமாரியிலிருந்து எடுக்கும்போது லேபிளைப் படிப்பார். அளந்து ஊற்றும்போது படிப்பார். திரும்ப வைக்கும்போதும் படிப்பார். மூன்று தடவையும் உதடு அசையும். நாங்கள் யாராவது ஒரு தகவல் சொன்னால் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்.

“பாத்ததா, கேட்டதா, நெனச்சதா?”

குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோச்சு என்றாலும் இதுதான், டாக்டர் இன்றைக்கு வரமாட்டார் என்றாலும் இதுதான். “சாப்பிட வாங்க சார், சோறு ஆறியிருக்கும்” என்று நான் ஒருநாள் கூப்பிட்டதற்கு, “நெனச்சதா?” என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. பிரியம் உண்டு என்று பொய் சொல்ல மாட்டேன். ஏனென்றால் அவரிடம் இரண்டாவது விதி ஒன்றும் இருந்தது. “கேட்டாத்தான் பதிலு. கேக்காததுக்கு வாயத் தொறக்கப்பிடாது. கவர்மெண்டு உத்தியோகம்னா அவ்வளவுதான்” என்பார். இந்த இரண்டு விதிகளையும் ஒரே மனிதர் எப்படி வைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கைப்பேசியில் இணையம் பார்க்கலாம் என்று ஆனதும் எங்கள் மருந்தகத்தில் முதலில் வாங்கியவள் நான். புது மருந்து எது வந்தாலும், பழைய மருந்துக்குப் புது எச்சரிக்கை வந்தாலும் மதியச் சாப்பாட்டுக்குள் எனக்குத் தெரிந்துவிடும். டாக்டர்கள்கூட ஜன்னல் பக்கம் வந்து, “கோமதி, அதைக் கொஞ்சம் பாருங்க” என்பார்கள். பெருமையாக இருக்காதா? இருந்தது. பிச்சையா சார் மட்டும் அந்தப் பொருளைத் தொட மாட்டார்.

“அதுல வாரது பாத்ததா, கேட்டதா, நெனச்சதா?” என்று கேட்டார்.

“படிச்சது சார்” என்றேன். பெரிய சாமர்த்தியமான பதில் என்று எனக்கு நினைப்பு.

என் தேடும் பழக்கம் அப்போது எப்படி இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். மனதுக்குள் முன்பே ஒரு பதில் இருக்கும். அதற்கு ஒத்தாசைக்கு ஆள் தேடித்தான் தட்டச்சு செய்வேன். முதலில் வருவதைத் திறந்து இரண்டு பத்தி படிப்பேன். நான் நினைத்தது அங்கே இருந்தால், பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூடிவிடுவேன். இல்லாவிட்டால் அடுத்ததைத் திறப்பேன். நான் நினைத்தது கிடைக்கும் வரைக்கும் இது நடக்கும். எழுதியவர் வைத்தியரா, கூந்தல் தைலம் விற்கிறவரா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இதற்கு நான் வைத்திருந்த பெயர் ஆராய்ச்சி.

மைதீன் பீவி எங்களிடம் மாதாமாதம் மருந்து வாங்குகிறவர். பத்தமடையில் கோரைப் பாய் நெய்பவர். அப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். இதயத் துடிப்பு தாறுமாறாகிற கோளாறு அவருக்கு. அதற்கு டிகாக்ஸின், கால் வீக்கத்துக்கு நீர் பிரிகிற மாத்திரை. டிகாக்ஸின் மிகவும் கறாரான மருந்து. குறைந்தால் பயனில்லை, கொஞ்சம் மிஞ்சினால் நஞ்சு. அதனால் அவர் கவரில் அரை மாத்திரை என்பதை எழுதாமல் அரைவட்டமாகப் படமே போட்டுக் கொடுப்பேன். ஒருநாளும் பிசகாமல் சாப்பிட்டவர்.

அன்று மாத்திரைக் கவரை இடுப்பில் செருகிக்கொண்டவர் போகாமல் நின்றார்.

“ஏம்மா கோமதி, அவுரி எல கஷாயம் குடிக்கலாமா? ஒடம்ப சுத்தம் பண்ணும்னு எம்மவ கொண்டாந்து தந்திருக்கா.”

மதியம் பன்னிரண்டு மணி. வரிசை வடிந்துவிட்டது. கூட்டத்தின்மேல் பழி போட எனக்கு வழியே இல்லை. கைப்பேசியை எடுத்து ‘அவுரி நன்மைகள்’ என்று தட்டினேன். ஏன் ‘நன்மைகள்’ என்று சேர்த்தேன்? பழக்கம். முதல் இரண்டு எழுத்துக்கே அதுவாக எடுத்துக் கொடுத்தது, நானும் ஒப்புக்கொண்டேன். இளஞ்சிவப்புப் பூவோடு ஒரு செடியின் படம் வந்தது. எங்கள் வீட்டில் முடிக்குக் கறுப்புச் சாயம் போட அரைப்பார்களே, அதே அவுரி. நஞ்சை முறிக்கும், ஈரலுக்கு நல்லது, முடி வளரும் என்று வரிசையாக எழுதியிருந்தது. நான் நினைத்ததும் அதுதான்.

“குடிங்கக்கா, ஒண்ணும் செய்யாது” என்றேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

மூன்று வாரம் கழித்து மகள் அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தாள். ஆட்டோவிலிருந்து ஜன்னல் வரைக்கும் வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். வாந்தி, சோறு இறங்கவில்லை, கால் துவள்கிறது.

“உம்மாக்குக் காமாலைம்மா. எல்லாம் மஞ்சளாத் தெரியுதாம்” என்றாள் மகள்.

மைதீன் பீவி பெஞ்சில் சாய்ந்தபடியே சொன்னார்: “செவப்புக் கோரைய எடுத்து வைக்கேன், மஞ்சளா இருக்கு. வெள்ளையும் மஞ்ச. பச்சை ஒரு மாரி வெளுத்துப் போய் இருக்கு. சாயம் முக்குனவன வாய்க்கு வந்தபடி ஏசிப்புட்டேன், பாவம்.”

எனக்கும் காமாலை என்றுதான் முதலில் தோன்றியது. கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது என்று நம் ஊரில் யார் சொன்னாலும் வேறு எதுவும் தோன்றாது. நம் பேச்சிலேயே ஊறிப்போன விஷயம் அது. மகளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஒரு வாரத்துக்கு முன்னால் அவள் தன் கைப்பேசியில் ‘காமாலை அவுரி’ என்று தேடியிருக்கிறாள். காமாலைக்கு அவுரி கைகண்ட மருந்து என்று பக்கம் பக்கமாக வந்திருக்கிறது. அந்தியில் ஒரு வேளை கொடுத்துக்கொண்டிருந்த கஷாயத்தைக் காலையிலும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள்.

ஜன்னலை விட்டு வெளியே வந்து அவர் கண் இமையை இறக்கிப் பார்த்தேன். விழி வெள்ளையாக இருந்தது. கீழ் இமையில் ரத்தச் சிவப்புகூட இல்லை, மஞ்சள் எங்கிருந்து வரும்? காமாலையில் நோயாளியின் கண்தான் பார்க்கிறவர்களுக்கு மஞ்சளாக இருக்கும். நோயாளிக்கு உலகம் மஞ்சளாகத் தெரிவது டிகாக்ஸின் உடம்பில் மிஞ்சும்போது. பாளையங்கோட்டையில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வரி அது. மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி பைய ஓடி, நடுவில் நின்று, திரும்ப ஓடியது.

“மாத்திரை கூடப் போட்டீங்களா?”

“நீ படம் போட்டுத் தந்த அரைதான். கூடப் போடுவனா?”

“வயித்தால போகுதா?”

“ஒரு நாளைக்கு நாலு மட்டம், அஞ்சு மட்டம். ஒடம்பு சுத்தமாவுதுன்னுல்லா நெனச்சோம்” என்றாள் மகள்.

“இலை வச்சிருக்கியா?” என்றேன். வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் தங்கச் சொன்னால் கஷாயம் தவறக் கூடாது என்று காகிதத்தில் பொட்டலம் கட்டியே கொண்டுவந்திருந்தாள். பிரித்தேன். நீள நீளமாகக் கூர்ந்த இலைகள். ஊடே தட்டையான காய்கள் இரண்டு.

அது நான் தேடிய அவுரியே இல்லை. ஆழ்வார்குறிச்சியில் எங்கள் வீட்டில் இதற்கு நிலாவாரை என்று பெயர். பேதிக்குக் கொடுக்கிற இலை, கிள்ளிப் போட்டாலே வேலை செய்யும்.

“இதுக்கு என்ன பேரு சொன்ன?”

“அவுரி. எங்க மாமனார் ஊர்ல காடு காடா இதத்தான போட்டுருக்காவ. அங்கன எல்லாரும் அவுரின்னுதான் சொல்லுதாவ.”

அவள் மாமனார் ஊர் கிழக்கே கரிசலில், கடலுக்குக் கிட்டே. அவள் பொய் சொல்லவில்லை. கைப்பேசியும் பொய் சொல்லவில்லை. ஒரே பெயரில் இரண்டு இலை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, கரிசலில் ஒன்று. என்ன இலை என்று காட்டச் சொல்லாமல், பெயரை மட்டும் வாங்கிக் கைப்பேசியின் தேடல் பெட்டியில் போட்டவள் நான். மூன்று வாரப் பேதியில் உடம்பிலிருந்த பொட்டாசியம் வடிந்துவிட்டது. நீர் மாத்திரையும் தன் பங்குக்கு வடித்தது. பொட்டாசியம் இறங்கினால், அதே அரை மாத்திரை டிகாக்ஸின் இதயத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும்.

ஓடினேன். செருப்பு ஒன்று வராண்டாவிலேயே கிடந்தது. டியூட்டி டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, “பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே” என்றார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் கூட அனுப்புகிற தாளை நான் எழுத உட்கார்ந்தேன். மருந்துகள், அளவு, இலையின் தாவரப் பெயர். இலைப் பொட்டலத்தையும் தாளோடு சேர்த்துக் குண்டூசி குத்தினேன். கடைசியாக எழுதினேன்: ‘மூன்று வாரமாகக் குடிக்கிறார். குடிக்கலாம் என்று சொன்னவள் நான்.’

பிச்சையா சார் பின்னாலிருந்து படித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல உதடு அசைந்தது.

“ஏம்மா, கடைசி வரிய அடி. மூலிகை எடுத்திருக்காங்கன்னு மட்டும் போதும். யாரு சொன்னான்னு அங்கன எவன் கேக்கான்?”

“மக ஒரு வாரம்னு சொல்லுதா சார். காமாலைக்குன்னு குடுத்த கணக்குதான் அவ மனசுல இருக்கு. மூணு வாரம்னு எனக்குத்தான் தெரியும். எப்படித் தெரியும்னு எழுதாட்டா அவங்க யார நம்புவாங்க?”

“ஓன் வேலைக்கு ஒல வச்சுக்கிடாத. நான் ஓன் நல்லதுக்குச் சொல்லுதேன்.”

“பாத்ததா, கேட்டதா, நெனச்சதான்னு கேப்பீங்கள்லா சார்? இது மூணும் இல்ல. இது நான் செஞ்சது.”

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். தாள் அந்த வரியோடுதான் போனது.

அன்று வீட்டுக்குப் போய் நான் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் இவள் கல் நெஞ்சுக்காரி என்று சொல்லக் கூடாது. ஒன்பது நாள் கழித்து மைதீன் பீவியைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே இருந்த டாக்டர் போன் செய்து, “அந்த மூணு வாரம்னு எழுதியிருந்தது உபயோகமா இருந்துச்சு” என்றார். யார் எழுதினார்கள் என்று அவரும் கேட்கவில்லை.

கேட்டது மேலிடம். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. சுற்றி வளைத்து எழுதச் சொல்லி ஆளாளுக்கு யோசனை. நான் நான்கே வரி எழுதினேன்: என்ன கேட்டார், என்ன தட்டினேன், எதைப் பார்க்கவில்லை, என்ன சொன்னேன். ஜன்னலிலிருந்து எடுத்து என்னைச் சரக்கறையில் போட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. கரப்பான் பூச்சி மருந்து வாடை. தண்டனை என்று நினைத்துத்தான் போட்டார்கள். எனக்கு அது படிப்பு அறையாகிவிட்டது. ஒரு நீள நோட்டில் கோடு போட்டேன். கேட்டவர் சொன்ன சொல் அப்படியே ஒரு கட்டத்தில், நான் கண்ணால் பார்த்த பொருள் அடுத்ததில். என்ன தட்டினேன் என்பதை எழுத்து மாறாமல் எழுதினேன். யார் எழுதியதைப் படித்தேன், அவருக்கு அதில் விற்க ஏதாவது இருக்கிறதா என்பதற்கு ஓர் இடம். கடைசிக் கட்டம் அகலமாக: ‘கிடைக்காதது’.

அந்தக் கடைசிக் கட்டம்தான் என்னை மாற்றியது. முதல் மாதம் அது காலியாகக் கிடந்தது. எல்லாம் கிடைத்துவிட்டதாக நினைப்பு. பிறகு ‘நன்மைகள்’ என்று தட்டிய அதே கையால் ‘தீமைகள்’ என்றும் தட்டிப் பார்த்தேன். செடி என்றால் தாவரப் பெயரில் தேடினேன், அதோடு அந்தச் செடிக்கு எந்த ஊரில் என்ன பெயர் என்றும் தேடினேன். நான் நினைத்ததே முதலில் வந்தால், அன்றைக்கு இன்னும் இரண்டு இடம் கூடப் பார்த்தேன். நோட்டில் கடைசிக் கட்டம் நிரம்பத் தொடங்கியது. ‘தெரியவில்லை’ என்று எழுத ஆரம்பத்தில் கை கூசியது. பிறகு பழகிவிட்டது.

திரும்ப ஜன்னலுக்கு வந்ததும் கேலி காத்திருந்தது. “கோமதிட்ட ஒண்ணு கேட்டா மறுநாள்தான் பதிலு” என்றார்கள். ஆமாம், மறுநாள்தான். சில பதிலுக்கு மூன்று நாள் ஆகும். சவூதியிலிருந்து லீவில் வந்த ஒருவர் அங்கே வாங்கிய மாத்திரை அட்டையைக் காட்டி, அதே பெயரில் இங்கே தரச் சொன்னார். எங்கள் அலமாரியில் அதே பெயர் இருந்தது.

“பேரு ஒண்ணுதானம்மா? எடுத்துக் குடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“பேரு ஒண்ணா இருக்கதுதான் பாய் எனக்குப் பயமா இருக்கு” என்றேன்.

அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் மருந்தின் மூலப் பெயர் இருந்தது. அவருடையது ரத்த அழுத்தத்துக்கு. எங்களிடம் அந்தப் பெயரில் இருந்தது வயிற்றுப் புண்ணுக்கு. பஸ் போய்விட்டது என்று அவர் என்னை ஏசிவிட்டுத்தான் போனார். ஏசட்டும். ரத்த அழுத்தத்தோடு ஏசுவதற்கு அவர் உயிரோடு இருக்கிறாரே.

பிச்சையா சார் ஓய்வு பெறும் நாள் வரை அந்தத் தாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜெயாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் சிரித்தாள். “அக்கா, இப்ப அப்படித் தேட வேண்டியதே இல்ல. கேட்டா அதுவே பேசிப் பதில் சொல்லுது. பத்துப் பக்கம் பாக்காண்டாம்” என்றாள். அவள் கைப்பேசியை வாங்கினேன். ‘அவுரி இலைக் கஷாயம் குடிக்கலாமா?’ என்று கேட்டேன். எவ்வளவு நல்ல தமிழ்! தடுமாற்றமே இல்லாமல் இளஞ்சிவப்புப் பூ அவுரியைப் பற்றிச் சொன்னது. ‘கரிசல் பக்கத்தில் அவுரி என்று எதைச் சொல்வார்கள்?’ என்று கேட்டேன். உடனே நிலாவாரையையும் சொன்னது. அதற்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் கேட்கிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பிச்சையா சாரின் இரண்டாவது விதியை அதற்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கருவியைத் திட்டுகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். இந்த வயதில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு எதற்குத் தேடுகிறாய் என்று வீட்டிலும் கேட்கிறார்கள். தேடுவேன். இன்றைக்குக் காலையில்கூடத் தேடினேன், நோட்டில் எழுதினேன், கடைசிக் கட்டத்தில் ஒன்று நிற்கிறது. மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று என்னை வாழ்நாளெல்லாம் கேட்டவர்களுக்கும் இதுதான் பதில். ஒருநாள் அரை நிமிடத்தில் ஆராய்ச்சியை முடித்தேன். அதன் பலனைப் பெஞ்சில் சாய்ந்து கிடக்கக் கண்டேன்.

கட்டுரையைப் படித்துக் காட்டியபோது ஜெயா, “சரிக்கா, விஷயம் இருக்கட்டும். ‘குடிக்கலாம் என்று சொன்னவள் நான்’னு இருக்குல்லா, அந்த ஒரு வரிய மட்டும் எடுத்திருவோமா? ‘தவறான தகவல் காரணமாக’ன்னு போட்டா நாசூக்கா இருக்கும்” என்றாள். எத்தனை வருடம் கழித்து, எந்த ஜன்னலிலிருந்து, அதே வரி!

ஆனால் அது என் வரி மட்டும் அல்ல. அதனால் போன வாரம் பஸ் ஏறிப் பத்தமடைக்குப் போனேன். மைதீன் பீவி தறிக்கு முன்னால்தான் இருந்தார். இப்போது காது கொஞ்சம் மந்தம். என்னைக் கண்டதும் எழுந்துபோய் ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து மடியில் வைத்தார். எப்போதும் அப்படித்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்னிடம் எந்த மருந்துக்கும் பெயர் சொல்வதில்லை. “மொதல்ல பாரு, பொறவு பேரு சொல்லுதேன்” என்பார்.

பார்த்தேன். வெறும் துளசிதான்.

வந்த விஷயத்தைச் சத்தமாகச் சொன்னேன். மலரில் எழுதப்போகிறேன், உங்கள் பெயரை மாற்றிவிடுகிறேன், அந்த வரியை எடுக்கச் சொல்கிறார்கள் என்றேன். கோரையை நகத்தால் தள்ளிச் சரிசெய்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். சிவப்புக் கோரைதான். அவர் கண்ணுக்கும் அது சிவப்பாகவே தெரிகிறது.

“எம் பேர மாத்திக்கோ. புள்ளைகளுக்குச் சங்கடம்” என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். “ஓம் பேர மாத்திராத.”

மைதீன் பீவி என்பது அவர் பெயர் இல்லை. கோமதி என்பது என் பெயர்தான்.